இரு கரை அடுப்புகள்

மழை எட்டிக்கூடப் பார்க்காத ஒரு வைகாசி மாதத்தில், குடத்துத் தண்ணீர் சிந்தாமல், உறியில் தொங்கிய மோர்ப்பானை ஆடாமல், அடைகாத்த கோழி கண்ணைத் திறக்காமல், சீங்கப்பாடி என்கிற ஊர் மொத்தமும் ஊமையாற்றின் தென்கரையிலிருந்து கிளம்பி வடகரையில் வந்து உட்கார்ந்துகொண்டது. வீடுகள் வந்தன, மாட்டுக்கொட்டகைகள் வந்தன, பஞ்சாயத்து டிவி அறை வந்தது, பாதி கட்டி நிறுத்தியிருந்த தண்ணீர்த் தொட்டி பாதி கட்டியபடியே வந்தது. விடியலில் சாணி கரைத்த வாளியோடு கதவைத் திறந்த பவுனம்மாளுக்கு எதிரே, நேற்றுவரை ஆற்றைத் தாண்டி மேடேறிப் போய்ப் பிடிக்க வேண்டியிருந்த டவுன் பஸ், கைக்கெட்டும் தூரத்தில் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏறுறியாம்மா, இல்ல வாசத் தெளிச்சுட்டுத்தான் வருவியா?" என்று கேட்டார்.

பவுனு வாசலைத் தெளித்துவிட்டு உள்ளே போய்ப் புருஷனை எழுப்பினாள். "மாமா, ஊரு ரோட்டுக்கு வந்துடுச்சு" என்றாள். "வரட்டும், அதுக்கு இன்னா இப்ப" என்று மாதையன் புரண்டு படுத்தான். அவன் முந்தின நாள் முழுக்கக் கொல்லைக்காட்டில் ஏர் ஓட்டியவன்.

ஏன் வந்தது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்கத்தான் செய்தது. வானம் பொய்க்கிற வருஷங்களில் சீங்கப்பாடியில் ஊர் விடுகிற நாள் என்று ஒன்று உண்டு. அன்றைக்கு விடிவதற்கு முன்னால் குஞ்சு குளுவானோடு எல்லோரும் ஊரைக் காலி செய்து, எல்லையில் முள் வெட்டிப் போட்டு, ஆற்றைக் கடந்து வடகரையில் அடுப்பு மூட்டிப் பொங்கித் தின்று பொழுது சாயத்தான் திரும்புவார்கள். மனுஷர்களின் சச்சரவு கேட்காமல் ஊரும் ஒரு நாள் தனியாக இருந்து மூச்சு விடட்டும், அப்புறம் மழை வரும் என்பது நம்பிக்கை. அப்பேர்ப்பட்ட ஒரு நாளில்தான், வெள்ளைக்காரன் காலத்தில், நில அளவைத் துரை ஒருவர் கரட்டின் உச்சியில் ஏறிக் கண்ணாடிக் குழாய் வழியாகப் பார்த்திருக்கிறார். தென்கரையில் ஒரு நாய்கூட இல்லை. வடகரையில் வரிசையாக அடுப்புப் புகை. தென்கரையில் 'பாழ்' என்று எழுதி, வடகரையில் சிவப்புக் கட்டங்கள் போட்டு அதன் பக்கத்தில் சீங்கப்பாடி என்று பெயரும் எழுதிவிட்டு, மத்தியானம் அம்மனுக்குப் படையல் போடுவதற்கு முன்பே துரை இறங்கிப் போய்விட்டார். அந்தப் படத்தைத்தான் அதற்குப் பின்னால் வந்த எல்லோரும் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். படம் திருந்தும் திருந்தும் என்று பூமி நூறு வருஷம் பொறுத்துப் பார்த்தது. புருஷன் பெண்டாட்டி சண்டையில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்துத்தானே ஆகவேண்டும், பூமி விட்டுக்கொடுத்துவிட்டது.

அதிசயம் ஒரு காலைப்பொழுதோடு முடிந்தது. அதோடு குடித்தனம் நடத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. பால் வாங்குகிறவன் வாசலுக்கே வந்தான், அதற்காகவே கொடுக்கிற விலையைக் குறைத்தான். மாடுகள் மட்டும் சாயங்காலம் மேய்ந்து முடித்ததும் பழைய புத்தியில் தென்கரைக்குப் போய், கொட்டகை இருந்த வெறும் தரையில் வரிசை தப்பாமல் நின்றுகொண்டு, ஓட்டிவரப் போனவர்களைத் திட்டுவதுபோலப் பார்த்தன. பக்கத்து ஊரான மேல்கொட்டாய்க்காரர்கள் தங்கள் மேய்ச்சல் நிலத்தில் ஓர் ஊர் முளைத்திருப்பதைப் பார்த்துக் கம்பும் கையுமாக வந்தார்கள். வார்டு உறுப்பினர் சாலம்மாள் தாலுகா ஆபீஸில் இருந்து நில வரைபடத்தின் நகல் ஒன்றை வாங்கிவந்து டிவி அறைச் சுவரில் ஒட்டி, "பாத்துக்கோ, நூறு வருஷமா நாங்க இங்கதான் இருக்கறம். நீங்கதான் எங்க ஊட்டு நடுவுல மாடு மேய்ச்சிருக்கீங்க" என்று ஒரே போடாகப் போட்டாள். வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், கம்பைக் கீழே போட்டார்கள், போகும்போது டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம் அந்தப் படம் ஊருக்குப் பஞ்சாங்கமாகிவிட்டது. பூமி அதற்குக் கீழ்ப்படிகிறது என்று கண்ணால் கண்ட பிறகு சும்மா விடுவார்களா? நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார்கள், தினமும் யாராவது ஒருவர் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். அந்தப் படத்தைப் படிக்கத் தெரிந்தவள் பவுனு ஒருத்திதான். பன்னிரண்டாம் வகுப்பில் புவியியல் எடுத்து, செய்முறைத் தேர்வில் இப்படியொரு படத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஆறும் மேடும் சாலையும் சந்தையும் சொன்னவள். அன்றைக்கு மதிப்பெண்ணுக்காகப் படித்தது இன்றைக்கு வீட்டுக்கு வீடு தேவைப்பட்டது. முதல் மழைத் தூறலிலேயே எல்லார் வீட்டுச் சாக்கடையும் திரும்பி அடுப்படிக்குள் வந்துவிட்டது, அதனால் அவளைக் கூட்டிப்போய்ப் படத்தின் முன் நிறுத்தினார்கள்.

"இந்தக் காவிக் கோடு ஒவ்வொன்னும் ஒரே உயரம்" என்று பவுனு விரலால் ஓட்டிக் காட்டினாள். "கோடு நெருங்கி இருந்தா செங்குத்து, விலகி இருந்தா சமதளம். அந்தக் கரையில நெலம் வடக்கால சரியுது. இந்தக் கரையில தெக்கால சரியுது. ரெண்டும் ஆத்தப் பாத்துத்தான் எறங்குது. நாம அந்தக் கரை வூட்ட அப்படியே கொண்டாந்து வெச்சுட்டம், வாட்டம் மாறிப்போச்சு. சாக்கடைய எல்லாம் பின்பக்கம் திருப்புங்க."

"அப்ப ஒசரத்துல இருந்த எங்க வூடு?" என்று பழைய ஊரில் மேட்டு வீட்டுக்காரனாக இருந்த தொரசாமி கேட்டான்.

"இப்ப பள்ளத்துல இருக்குதுண்ணா."

தொரசாமி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் மண்வெட்டியோடு வந்து வாய்க்கால் வெட்டினான்.

படத்தில் சிவப்பு என்றால் வீடும் சாலையும், மஞ்சள் என்றால் பயிர், பச்சை என்றால் காடு, நீலம் என்றால் வற்றாத தண்ணீர், கறுப்புக் கோடு என்றால் மழைக்கு மட்டும் ஓடுகிற ஆறு என்று ஊரே மனப்பாடம் செய்துவிட்டது. ஊமையாறு அதில் கறுப்பாகத்தான் இருந்தது. வருஷத்தில் பத்து மாதம் மணல், மழைக்காலத்தில் சத்தமே போடாமல் வந்து ஆளை அடித்துப் போகும், அதனால்தான் அந்தப் பெயர். பவுனு மற்ற எல்லாவற்றையும் விரல் வைத்துக் காட்டுவாள். அந்தக் கறுப்புக் கோட்டின் மேல் மட்டும் அவள் விரல் படாது.

மூன்று வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில், ஊர் தென்கரையில் இருந்தபோது, அவளுக்கு இடுப்புவலி கண்ட அன்று ஆறு வந்துவிட்டது. கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நட்டாற்றில், கழுத்தளவுத் தண்ணீருக்கு மேலே, அந்தக் கட்டிலிலேயே பெண்குழந்தை பிறந்தது. அழவில்லை. அதைத் தென்கரையில் ஆற்றோரத்துப் புங்கமரத்தடியில், அம்மன் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் புதைத்தார்கள். ஊர் வடகரைக்கு வந்தபோது அம்மன் வரவில்லை. துரை கோயிலைச் சரியான இடத்தில்தான் குறித்திருந்தார். புங்கமரமும் வரவில்லை. நிலங்களும் வரவில்லை. பவுனு மறுபடி மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் வாசலுக்கு வந்ததில் ஊரே அவளுக்காகச் சந்தோஷப்பட்டது, அவளுக்கும் சந்தோஷம்தான், ஆனாலும் ஒவ்வொரு நாளும் மணலைக் கடந்துபோய் அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கியது. சின்னது அங்கே தனியாக இருக்கிறதே என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது.

மழைக்காலம் வந்தால் வீடு ஒரு கரை, கொல்லை ஒரு கரை என்றாகிவிடும். சாலம்மாள் பவுனுவையும் கூட்டிக்கொண்டு பாலம் கேட்கப் போனாள். முன்பெல்லாம் பாலம் கேட்டால், "நீங்க ரோட்டு மேலயே இருக்கீங்க, படம் சொல்லுது, எதுக்குப் பாலம்?" என்று அனுப்பிவிடுவார்கள். இப்போது எஞ்சினியர் படத்தை விரித்துவைத்துக்கொண்டு அனுதாபத்தோடுதான் பேசினார்.

"தென்கரையில ஒரு வீடு இல்லம்மா, ஒரு குடிசை இல்ல. வெறும் மஞ்சள். ராகிக்கு எதுக்கும்மா பாலம்? ஆள் இருந்தாத்தான் பாலம் போட முடியும்."

"ஆளுங்கள்லாம் அங்கதாங்க சாரு இருந்தாங்க."

"எப்போ?"

"போன மாசம் வரைக்கும்."

எஞ்சினியர் படத்தை மடித்தார். வருகிற ஆவணியில் புதிதாக அளக்கப் போகிறார்கள், மேலே பறக்கவிட்டுப் படமெடுக்கிற இயந்திரம் வருகிறது, அதில் என்ன விழுகிறதோ அதுதான் இனிமேல் கணக்கு என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அந்தச் செய்தி ஊருக்கு வந்ததும் டிவி அறையில் கூட்டம் கூடியது. மழையும் தவறியிருந்தது, ஊர் விடுகிற நாளுக்கும் நேரம் வந்திருந்தது, அளக்க வருகிற நாளிலேயே அதையும் வைத்துக்கொள்வது என்று முடிவானது. அதுவரை சரி. எங்கே போய் அடுப்பு மூட்டுவது என்பதில்தான் வெட்டுப்பழி குத்துப்பழி ஆகிவிட்டது. "ஊரு இப்ப வடகரையில இருக்குது. ஊர விடணும்னா தென்கரைக்குத்தான் போவணும்" என்றது ஒரு கட்சி. "தலைமுறை தலைமுறையா வடகரையிலதான் பொங்கறம். அடுப்பு மாத்துனா அம்மனுக்கு ஆகாது. ஊருக்கு வெளிய போய்ப் பொங்குனாப் போதும்" என்றது தொரசாமி கட்சி. பெண்ணெடுத்த வீட்டார் கொடுத்த வீட்டாரோடு பேச்சை நிறுத்தினார்கள். சாலம்மாள் தொண்டை கட்டுகிறவரை சமாதானம் பேசிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்த பவுனுவைப் பார்த்தாள்.

"நீயாவது சொல்லேன்டி."

பவுனு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துரை அடுப்புப் புகையைப் பார்த்துத்தான் வீடு போட்டார். இரண்டு கரையிலும் புகை எழுந்தால் இரண்டு கரையிலும் வீடு விழும். இரண்டு கரையிலும் வீடு விழுந்தால் பாலம் வரும்.

"சண்டை போடட்டும் விடுக்கா" என்றாள் மெதுவாக. "யாரும் விட்டுக்குடுக்காம பாத்துக்க, அது போதும்."

விட்டுக்கொடுக்காமல் இருப்பதில் சீங்கப்பாடியாரை மிஞ்ச ஆளில்லை. அந்த ஆவணி நாளில் பாதி ஊர் தென்கரையில் தன் பழைய வீடுகள் இருந்த தடத்திலேயே கீற்றுக்கொட்டகை போட்டு அடுப்பு மூட்டியது. மீதி ஊர் வடகரையில் ஊரெல்லைக்கு வெளியே தள்ளி அடுப்பு மூட்டியது. ஒருத்தரை ஒருத்தர் பார்க்காதவர்கள்போலக் களி கிண்டினார்கள், கோழி அறுத்தார்கள், கல்யாணத்துக்கு வருகிற குட்டி ஹெலிகாப்டர் மாதிரி ஒன்று ஒய்யென்று இரைந்துகொண்டு கரட்டுக்கு மேல் எழும்பியபோது தலையைக்கூடத் தூக்கவில்லை. ஆனால் உச்சிப்பொழுது ஆனதும் படையல் என்று ஒன்று இருந்தது. அம்மன் தென்கரையில். வடகரையில் பொங்கிய சோறு தண்ணீரிலும் படக்கூடாது, தரையிலும் படக்கூடாது, கைமாறிக் கைமாறித்தான் அம்மனிடம் போக வேண்டும். தொரசாமி கட்சியில் இருந்த ஆட்கள் ஒரு கரையில் இருந்து மற்ற கரை வரை நிற்கப் போதவில்லை. தொரசாமி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு, எங்கோ மலையில் பெய்து வந்திருந்த முழங்காலளவுத் தண்ணீரில் நின்று தென்கரையைப் பார்த்தான், வாயைத் திறந்து கேட்கவில்லை.

"அட வாங்கடி, அம்மன் சோத்து மேல என்ன கோவம்" என்று சாலம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். அப்புறம் எல்லோரும் இறங்கினார்கள். வடகரையில் தொடங்கித் தென்கரை வரை ஒருவர் விடாமல் ஒற்றை வரிசை, உயரமானவன் பக்கத்தில் குட்டையானவள், பேசாதவன் பக்கத்தில் பேசாதவன், பானை ஒவ்வொரு கையாக மாறி வந்தது. தென்கரையில் கடைசி ஆளாகப் புங்கமரத்துக்கு முன்னால், ஆறு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு பவுனு நின்று வாங்கினாள். மேலே அந்த இயந்திரம் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிட்டுப் போனது.

ஐப்பசியில் புதுப் படம் வந்தது. இரண்டு கரையிலும் சிவப்புக் கட்டங்கள், இரண்டு பக்கமும் சீங்கப்பாடி என்று பெயர். அதோடு கறுப்பு ஆற்றின் குறுக்கே, புங்கமரம் இருக்கிற இடத்தில் இருந்து வடகரைச் சாலை வரைக்கும், கச்சிதமாக ஒரு பாலக்குறி. படையலன்று நின்ற வரிசையைத்தான் இயந்திரம் பாலமென்று எடுத்திருக்கிறது என்று பவுனுவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இனி பாலம் கேட்டால் என்ன சொல்வார்களோ என்று பயந்தாள், பயந்தபடியே ஆயிற்று.

"அதான் பாலம் இருக்கேம்மா" என்றார் எஞ்சினியர். "இருக்கிற பாலத்துக்கு எப்படிம்மா புதுப் பாலம் எழுதுறது?"

சாலம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள். திரும்பிவரும் பஸ்ஸில், "ஒண்ணும் இல்லடி. படத்துல ஏறிடுச்சு இல்ல, பூமி செஞ்சுடும்" என்றாள். "போன தடவ நூறு வருஷம் ஆச்சேக்கா" என்றாள் பவுனு. "அப்ப அது தூங்கிக்கிட்டு இருந்துச்சு. இப்பதான முழிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டுச் சாலம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொன்னவளுக்கே நம்பிக்கை இல்லை.

கார்த்திகையில் குழந்தையின் திதி வந்தது. வானம் வெளுத்துக் கிடந்தது, ஆற்றில் கணுக்காலளவுதான் தண்ணீர். இன்றைக்கு ஒரு நாள் போய்ப் பால் ஊற்றிவிட்டு வருகிறேன், அதற்கப்புறம் பிள்ளை பிறக்கிறவரை கடக்கவே மாட்டேன் என்று மாதையனிடம் சத்தியம் செய்துகொடுத்துவிட்டுப் பவுனு அவனோடு தென்கரைக்குப் போனாள். கொல்லையில் ராகி அறுப்பு, பாதி ஊர் அங்கேதான் குனிந்துகொண்டிருந்தது. அறுப்புக்காரர்களுக்கு அவள் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தபோது இடுப்பில் சுருக்கென்றது. கூழ்ச்சட்டியை இறக்கி வைக்கும்போது, எங்கோ மேற்கே மலையில் பெய்த மழையெல்லாம் சேர்ந்து, ஊமையாறு சத்தமில்லாமல் கரையைத் தொட்டுக்கொண்டு போவதைப் பார்த்தாள்.

காவல் குடிசையில் இருந்த கயிற்றுக் கட்டிலை இழுத்துக்கொண்டு மாதையன் ஓடிவந்தான். அவன் முகம் செத்துப்போயிருந்தது. "படு பவுனு. நாங்க தூக்கறம்."

"கட்டில்ல படுத்து ஆத்துல எறங்க மாட்டன் மாமா. கொன்னாலும் எறங்க மாட்டன்."

"பின்ன இன்னா பண்றது? ஆத்துல வழி எங்க இருக்குது?"

பவுனு கண்ணை மூடினாள். படம் அவளுக்குக் கண்ணுக்குள் இருந்தது. காவிக் கோடுகள் இறங்கி வந்து நெருங்குகிற இடம், மஞ்சள் முடிகிற இடம், கோயில் குறி, அதற்குக் கீழே கறுப்பு ஆற்றைத் தொடுகிற அந்த இரட்டைக் கோடு.

"புங்கமரத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

பிள்ளையிடம் போகக் கேட்கிறாள், கடைசியாகப் பார்க்க நினைக்கிறாள் என்று எண்ணி மாதையன் வாய்விட்டு அழுதான், அழுதுகொண்டே தோள்கொடுத்துக் கூட்டிப்போனான், அறுப்பரிவாளோடு ஊரும் பின்னால் வந்தது. புங்கமரத்தின் வேரடியில் இருந்து பாலம் தொடங்கியது. புதுச் சட்டிபோல இன்னும் சூடு ஆறாமல், மண் நிறத்தில், ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்தில், வெள்ளத்துக்கு ஒரு முழம் மேலே அது வடகரைக்குப் போய்க்கொண்டிருந்தது. "வந்துடுச்சா" என்றான் தொரசாமி, தாமதமாக வந்த பஸ்ஸைச் சொல்வதுபோல. மாதையன் காலை வைத்து ஒரு மிதி மிதித்துப் பார்த்தான். பவுனு பார்க்கவில்லை, நடந்தாள்.

நட்டாற்றில் வலி அவளை நிறுத்தியது. அதே இடம். இரண்டு பக்கமும் தண்ணீர் வாயைத் திறக்காமல் போய்க்கொண்டிருந்தது. அவள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு வலி தீரும்வரை நின்றாள், பிறகு அடுத்த அடியை எடுத்துவைத்தாள். வடகரையில் டவுன் பஸ் நின்றிருந்தது. கண்டக்டர் இம்முறை ஒன்றும் கேட்காமல் கீழே குதித்து ஓடிவந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா கையைக் கழுவி முடிப்பதற்குள் பையன் பிறந்தான். அவன் அழுத அழுகையில் வாசலில் நின்ற சாலம்மாள், "போதும்டா சாமி, ரெண்டு பேருக்கும் சேத்து அழுதுட்ட" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளம் வடிந்ததும் தூண்கள் தெரிந்தன. ஒன்றுபோல ஒன்று இல்லை. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று இடுப்பில் கைவைத்தாற்போல ஒரு பக்கம் வளைந்திருந்தது; அதைப் பார்த்தவுடனேயே சாலம்மாளை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. படையலன்று நின்ற வரிசையை நினைவில் வைத்து அவரவர் தூணை அவரவர் கண்டுபிடித்தார்கள். கொழுந்தியோடு பேசாதவன் தூண் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிற்கிறது, ஆனாலும் பாரத்தைத் தாங்குகிறது. பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறபோது மிச்சச் சுண்ணாம்பைக் கொண்டுவந்து அவரவர் தூணுக்கும் அடிப்பது என்று ஒரு வழக்கம் அந்த வருஷமே தொடங்கிவிட்டது. எஞ்சினியர் வந்து பார்த்து, பாலம் படத்தில் உள்ளபடி உள்ளது என்று எழுதிக்கொண்டு போனார்.

தீட்டுக் கழிந்த பிறகு பவுனு பையனைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தின் வழியாகத் தென்கரைக்குப் போனாள். கடைசியில் இறங்கிப் பார்த்தாள். வயிறு தள்ளி நின்ற தூண் அவளுடையது, தெரிந்ததுதான். வரிசையில் கடைசி ஆள் அவள், அவளுக்குப் பின்னால் அன்றைக்கு யாரும் நிற்கவில்லை. ஆனால் பாலம் அவளோடு முடியவில்லை. அவளுக்குப் பின்னால், கரை மேடாகிற இடத்தில், புங்கமரத்தின் வேரை ஒட்டி இன்னொரு தூண் இருந்தது. மூன்று வயதுப் பிள்ளை நின்றால் வருகிற உயரம்தான். கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, மற்ற எல்லாரையும்போலப் பாலத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

பவுனு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு பையனைத் தோளிலிருந்து இறக்கி, அவன் உள்ளங்கையை விரித்து அந்தத் தூணின் மேல் வைத்தாள்.

"இதான்டா உங்கக்கா" என்றாள்.